நாயைக் கொடுக்க ஒரு கையெழுத்து

“இது கயிறு. இது அதோட தட்டு. இது படுக்கற போர்வை. சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார் டைப்பிஸ்டம்மா.

நாய்க் காப்பகத்திலிருந்து வந்த வண்டிக்காரர் எதையும் வாங்கவில்லை. கையிலிருந்த படிவத்தை விரித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

“என்ன காரணம்?”

“போன்லயே சொன்னேனே. வெச்சுக்க முடியல.”

“கடிக்குதா?”

“இல்ல.”

“குரைச்சு அக்கம்பக்கத்துல சண்டையா?”

“அதெல்லாம் இல்ல.”

“அப்புறம்? ஆறு வருஷம் வளத்த நாயைச் சும்மாவா தூக்கிக் குடுப்பாங்க?”

டைப்பிஸ்டம்மாவுக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷம் ஆபீஸில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். கணவர் போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் மட்டும் தெரிவாள். இவர் பேசினால் நிமிர்ந்து பார்க்க வீட்டில் இருந்த ஒரே ஜீவன் இந்த நாய், வாலுதான். அதைக் கொடுக்க அவருக்கு மட்டும் ஆசையா?

“தூங்க விடமாட்டேங்குது. மேல ஏறிப் பிராண்டுது. ரெண்டு நைட்டி கிழிஞ்சு போச்சு. தள்ளி விட்டா மூலையில உக்காந்து முனகுது. வெறி கிறி புடிச்சிருக்கும், அனுப்பிடும்மான்னு என் பொண்ணு சொல்றா.”

“எல்லாரையும் பிராண்டுதா?”

“என்னை மட்டும்தான்.”

“எந்த இடத்துல?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

“எழுதணும்.”

டைப்பிஸ்டம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இடது பக்கம். கைக்குக் கீழ.”

“தினமும் அதே இடமா?”

“ரெண்டு மாசமா அதே இடம்தான்.”

வண்டிக்காரர் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“நாயை எடுத்துக்க முடியாதும்மா.”

“ஏன்?”

“டாக்டர் கையெழுத்து வேணும்.”

“நாய்க்கா?”

“உங்களுக்கு. நாய் பிராண்டின இடத்தை டாக்டர் நல்லாப் பாத்து, ஒண்ணும் இல்லைன்னு எழுதித் தரணும். லேடி டாக்டர்கிட்டயே போங்க. சும்மா சீட்டு வாங்கிட்டு வந்தா செல்லாது. பரிசோதனை பண்ணியிருக்கணும்.”

“முப்பத்தொரு வருஷம் ரூலும் உத்தரவும்தான் டைப் அடிச்சேன். இப்படி ஒரு கூத்தை எந்த ஃபைல்லயும் பாத்ததில்ல!”

“எங்க காப்பகத்து ரூல்ஸ் அது.”

“மரியாதையாப் பேசத் தெரியாதா உங்களுக்கு? மேல புகார் பண்ணுவேன்.”

“பண்ணுங்க. கையெழுத்தோட பண்ணுங்க” என்று வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கோபத்திலேயே மறுநாள் காலையில் டாக்டரிடம் போனார்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. நாயைக் குடுக்க ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதான்.”

டாக்டரம்மா கதையைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுத்திப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. ஒரே இடத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்தினார்.

“கூட யார் வந்திருக்காங்க?”

“யாரும் இல்ல.”

“சரி. ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்.”

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் எல்லோருக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். டைப்பிஸ்டம்மாவுக்குப் பக்கத்தில் கைப்பைதான் இருந்தது. பெயர் கூப்பிட்டபோது அதைக் கொடுத்துவிட்டுப் போகக்கூட ஆள் இல்லை. உள்ளே எடுத்துக்கொண்டே போனார்.

பட்டாணி அளவுக் கட்டி. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்ததில், புற்றுநோய்தான் என்று வந்தது.

“நல்ல நேரத்துல வந்தீங்க. ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படி உக்காந்து பேசிட்டு இருக்க மாட்டேன்” என்றார் டாக்டரம்மா.

மகள் லீவு போட்டு வந்தாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாலு கட்டிலில் ஏறியது. மகள் விரட்டப் போனாள்.

“விடுடி” என்றார் டைப்பிஸ்டம்மா.

வாலு இடது பக்கத்தை ஒரு முறை மோந்து பார்த்தது. பிறகு கால்மாட்டில் போய்ச் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. இத்தனை மாதங்களில் அது அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மகள் பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள்.

சிகிச்சை எல்லாம் முடிந்து, தலையில் முடி திரும்ப வளர ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காப்பகத்துக்குப் போனார். ஆபீஸில் இருந்த பெண் விழித்தாள்.

“டாக்டர் கையெழுத்தா? அப்படி ஒரு ரூல்ஸே கிடையாதேம்மா. யார் நாயைக் குடுத்தாலும் எடுத்துக்குவோம்.”

வண்டிக்காரர் பின்பக்கம் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். டைப்பிஸ்டம்மாவைப் பார்த்ததும் குழாயை மூடினார். அவர் கண் முதலில் முடியைப் பார்த்தது, பிறகு முகத்தை.

“சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு. உங்களை என்னென்னவோ திட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் பழகிப் போச்சு. போன வருஷம் ஒருத்தர் செருப்பைக் கழட்டிட்டார்.”

“இல்லாத ரூல்ஸை ஏன் சொன்னீங்க?”

“உடம்பைக் காட்டுங்கன்னு முன்ன பின்ன தெரியாதவன் சொன்னா கேட்டிருப்பீங்களா? ரூல்ஸ்னாதான் ஜனங்க பயப்படறாங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவர் கையில் இருந்த பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் சம்சாரம் ஒரு நாய் வளத்தா. அதுவும் அவ வயித்துப் பக்கமே முட்டிக்கிட்டு நின்னுது. தொல்லை தாங்கல. நான்தான் போன் பண்ணி வண்டியை வரச் சொன்னேன். நாய் போய் எட்டாவது மாசம், அவளும் போயிட்டா.”

டைப்பிஸ்டம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“அன்னைக்கு வந்த வண்டிக்காரர் ரொம்ப மரியாதையான ஆளும்மா” என்றார் அவர். “என்னை ஒரு கேள்விகூடக் கேக்கல.”