தாடைச் சத்தம்

மெல்லும்போதெல்லாம் என் தாடை 'டொக் டொக்' என்று சொடுக்கும். எங்கள் சேபு நகரில் என்னை விருந்துக்குக் கூப்பிடுபவர்கள் குறைவு.

அன்று மதியம், தூங்கும் மனைவி லூர்தெஸின் காதோரம் உட்கார்ந்து, பன்றித்தோல் வறுவலை மென்றுகொண்டிருந்தேன். மைத்துனி நெனிதா வந்தாள்.

"வெளிய போய்த் தின்னா என்ன அத்தான்? அக்காவுக்கு இந்தச் சத்தமே ஆகாதே!"

"தெரியும். எவ்வளவு அசந்து தூங்கினாலும் எழுந்து தலையணையால அடிப்பா."

"தெரிஞ்சுமா? தாடைக்கு டாக்டர் குடுத்த மாத்திரை?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"மனுஷனா நீங்க?"

எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இன்னொரு துண்டைக் கடித்தேன்.

"மாடிப்படில விழுந்ததுலேர்ந்து உங்க அக்கா கண்ணையே திறக்கலையே, நெனிதா. டாக்டரும் கூப்பிட்டுப் பாத்துட்டாரு, பாதிரியாரும் கூப்பிட்டுப் பாத்துட்டாரு. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

நெனிதா கட்டிலின் மறுபக்கம் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயை மூடிக்கிட்டு மென்னா எப்படிக் கேக்கும்? நல்லாத் திறந்து மெல்லுங்க, அத்தான்."