மூலையில் இரண்டு புறா

“கன்னத்து மச்சத்தை மட்டும் எடுத்துப்போட முடியுங்களா?” என்று கிருபாவதி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஒரு நிமிஷ வேலைங்க்கா. ரத்தமும் வராது, தழும்பும் நிக்காது” என்றான் சஹீர். உக்கடம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அவன் ஸ்டூடியோவில், கம்ப்யூட்டர் திரை முழுக்க மெர்சியின் முகம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற நிஜ மெர்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மகளின் அந்த மச்சத்தைப் பார்த்தே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. புருஷன் இல்லாத வீட்டில் ஒண்டியாளாக ஓடிக்கொண்டிருந்த கிருபாவதிக்கு, இந்தப் போத்தனூர் வரனும் கை நழுவிப் போய்விடுமோ என்று பயம்.

“நான் கைவெக்கவே வேண்டியதில்லீங்க்கா. கம்ப்யூட்டர்லயே ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன். போட்டோவை உள்ள போட்டாப் போதும், அதுவே கலரை ஏத்தும், மச்சத்தை எடுக்கும், வழுக்கை இருந்தா முடியை ரொப்பும். கடைசியில பூ பார்டர் போட்டு, மூலையில ரெண்டு புறாவையும் உக்கார வெச்சிரும்.”

“முடியெல்லாம் எம்புள்ளைக்கு வேண்டியமட்டும் இருக்குதுங்க. நீங்க மச்சத்தைப் பாருங்க.”

சஹீர் ஒரு தட்டுத் தட்டினான். வெண்ணெயில் செய்து வைத்த மாதிரி ஒருத்தி திரையில் வந்து சிரித்தாள்.

“யாரும்மா இது?” என்றாள் மெர்சி.

“பேசாம இரு. நீதான்.”

அன்று சாயங்காலமே படம் வாட்ஸ்அப்பில் போத்தனூருக்குப் போனது. பதிலுக்கு மாப்பிள்ளை சாமுவேலின் படமும் வந்து சேர்ந்தது. எடுப்பான கிராப்பும் பளபளத்த கன்னமுமாக ஆள் ராஜா மாதிரி இருந்தான். ஆனால் கிருபாவதியின் கண் போனதென்னவோ மூலைக்குத்தான்.

“மெர்சி, இங்க பாரு கண்ணு. உன் போட்டோவுல இருக்கற அதே ரெண்டு புறா. கர்த்தரே ஜோடி சேத்து வெச்சிருக்காரு.” அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போத்தனூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, கூடவே வழுக்கைத் தலையோடு ஒருவர். தாய்மாமன்தான் என்று முடிவு கட்டிய கிருபாவதி, ஃபேனுக்கு நேர் கீழே அவருக்கு நாற்காலி போட்டாள். முறுக்குத் தட்டையும் முதலில் அவரிடமே நீட்டினாள். தாய்மாமன் தலையாட்டிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்பது அவள் எண்ணம்.

மெர்சி காப்பி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டே அவள் கன்னத்தைப் பார்த்தார்.

“நீ தங்கச்சியா கண்ணு? அக்காவை வரச்சொல்லு, ஒருதரம் பாத்துப்போடறோம்.”

பொய் சொன்னால் கர்த்தருக்கு ஆகாது, உண்மையைச் சொன்னால் வரன் எழுந்து போய்விடும். இப்போதைக்கு நேரத்தைக் கடத்துவதைத் தவிர கிருபாவதிக்கு வேறு வழி தெரியவில்லை.

“என்னங்க அவசரம்? மொதல்ல மாப்பிள்ளை வந்து சேரட்டுங்க. அப்பறம் பொண்ணைக் கூட்டிட்டு வாரேன்.”

போத்தனூர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர், கடித்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு மெல்ல எழுந்து நின்றார்.

“நாந்தானுங்க மாப்பிள்ளை.”