பேராசிரியர் சொன்னால் சரி

“மூடியப் பார்த்து வாங்காதீங்க. சிலிக்கா எத்தனை சதவீதம்னு பின்னால எழுதியிருக்கும், அதப் பாருங்க” என்றாள் புவனா.

உரக்கடை மேசையில் மூன்று பாட்டில்கள் நின்றன. சண்முகராஜ் கடைக்காரரைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். நாலு பேர் முன்னால் மனைவி வாய் திறந்தால் அவருக்கு அப்படித்தான். புவனா இருபது வருடம் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் நடத்தியவள்தான்; இருந்தாலும் மனைவி.

செண்பகனூரில் வீடு கட்டிக் குடியேறியதிலிருந்து அவருக்கு ஒரே லட்சியம், மே மாத மலர்க் கண்காட்சியில் ரோஜாவுக்கு முதல் பரிசு. மூடுபனி விட்டால்தானே? இலையெல்லாம் மாவு தூவியது போலச் சாம்பல் நோய். சிலிக்கான் கொடுத்தால் இலை தடித்து நோய் அண்டாது என்று எங்கோ படித்துவிட்டுக் கடைக்கு வந்திருந்தார்.

“நீ சும்மா இரு. ஒனக்கு இதெல்லாம் புரியாது” என்று, தங்க நிற மூடி போட்ட பாட்டிலையே வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கால்சியம் உரத்தோடு ஒரே வாளியில் கலக்கப் போனார். இரண்டையும் சேர்த்தால் திரிந்துவிடும் என்று புவனா சொல்லி முடிப்பதற்குள் ஊற்றியாயிற்று. கெட்டுப்போன பால் மாதிரி வாளியில் கட்டி கட்டியாக மிதந்தது. தெளிப்பான் அடைத்துக்கொண்டது. சரக்கே போலி என்று கடைக்காரரைத் திட்டிவிட்டுப் படுத்தார்.

அந்த வாரம்தான் தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேராசிரியர் வேலப்பன் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். சண்முகராஜ் தன் துயரத்தை அவரிடம் கொட்டினார். உடனே பதில் வந்தது. மூடியைப் பார்க்காதீர்கள், சதவீதத்தைப் பாருங்கள். கால்சியத்தோடு கலக்காதீர்கள். தனியாக, நிறையத் தண்ணீரில், பத்து நாளுக்கு ஒருமுறை கொடுங்கள்.

சண்முகராஜ் அதைச் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். “படிச்சவர் படிச்சவர்தான் புவனா. என்ன தெளிவு பாரு.”

“நானும் அதத்தானேங்க சொன்னேன்?”

“நீ சொன்னது வாய்க்கு வந்தது. அவரு சொல்றது சயின்ஸ்.”

அதற்குப் பிறகு பேராசிரியரைக் கேட்காமல் அவர் ஓர் இலையைக் கூடக் கிள்ளவில்லை. பேராசிரியர் போன் பேசமாட்டார், எழுதுவதோடு சரி. ஆராய்ச்சியில் மூழ்கியவருக்குப் பேச ஏது நேரம் என்று சண்முகராஜ் அதையும் மெச்சிக்கொண்டார்.

இலைகள் தேறின. மே மாதம் முதல் பரிசும் வந்தது. மேடையில் மைக்கைப் பிடித்தவர், பேராசிரியருக்கு மூன்று முறை நன்றி சொன்னார். கூட்டத்தில் நின்று புவனாவும் கைதட்டினாள்.

வீடு திரும்பியதும், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வரவேண்டும் என்று பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினார். பிறகு புவனாவைக் கூப்பிட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கச் சொன்னார்.

“இன்னொண்ணு. அவரு முன்னால செடியப் பத்தி வாயத் தொறந்துராத. மானம் போயிரும்.”

“சரிங்க” என்று அவள் சமையலறைக்குள் போனாள்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. சண்முகராஜ் உரக்கப் படித்தார்: “அழைப்புக்கு நன்றி. ஞாயிறு வர இயலாது. எங்கள் வீட்டுக்கும் ஒரு பெரிய மனிதர் விருந்துக்கு வருகிறாராம். நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கும் சோலி எனக்கு இருக்கிறது.”

“பார்த்தியா புவனா, அவ்வளவு பெரிய மனுஷன், தானே சமைக்கிறாரு” என்று நெகிழ்ந்துபோய்க் குரல் கொடுத்தார்.

“ஆமாங்க” என்ற புவனா, தன்னுடைய இரண்டாவது செல்போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மசாலா இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினாள்.