கட்டிலுக்கு அடியில் துரு

வண்டித் தகர வேலை பார்க்கும் டிங்கர் திருப்புளியால் ஒரு குத்துக் குத்தினார். அது தகரத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது.

பக்கத்தில் நின்றிருந்த வேன்காரர் தன் விலாவிலேயே குத்து விழுந்ததுபோல முகத்தைச் சுளித்தார்.

நாற்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்த இந்தப் பழைய வேனை அவர் வாங்கி நாலு வருடம் ஆகிறது. வந்து நின்ற இடத்தைவிட்டு அது இன்னும் கிளம்பவில்லை. தெருவில் அதற்கு 'அசையாச் சொத்து' என்று பெயர்.

எல்லாம் துருவால் வந்த வினை.

வாங்கும்போதே பின்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. சுரண்டி, எமரித் தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, பெயிண்ட் அடித்தார். அது அடங்கியது. ஆறே மாதத்தில் கட்டிலுக்கு அடியில் புதிதாகக் கிளம்பியது. அதையும் தேய்த்தார். அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடியும் பெயிண்ட் குமிழ் விட்டது, தொட்டால் பிஸ்கட்டாக உதிர்ந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

வேன் வாங்கிய கதை ஊரறிந்தது.

ஒரே மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்ற அன்று, அவளை வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். இனி எனக்கு மகளே இல்லை, உன் வீட்டில் என் கால் படாது என்று தெருவே கேட்கச் சத்தியம் செய்தார். அவள் அப்படியே திரும்பினாள். வந்த வழியே போய்விட்டாள்.

கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. வீம்பு போவேனா என்றது.

ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு இந்த வழியைக் கண்டுபிடித்தார். வேனோடு போய் மகள் வீட்டு வாசலில் நிறுத்திவிடுவது. வேனிலேயே சமையல், வேனிலேயே தூக்கம். அவள் வீட்டில் கால் படாது, சத்தியமும் உடையாது. அவளாக இறங்கி வந்து உள்ளே வாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அதற்குப் பிறகு சத்தியமாவது ஒன்றாவது.

மனைவியும் தலையாட்டினாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். துருப்பிடித்த வண்டியோடு போய் நின்றால் மாப்பிள்ளை மதிக்க மாட்டார், சுத்தமாகத் துரு போகட்டும், பிறகு போகலாம் என்றாள்.

மாப்பிள்ளை என்ற சொல் அந்த வீட்டில் ஒலித்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது இனித்தது. சரி என்றார்.

அன்றிலிருந்து தேய்த்துத் தேய்த்து அவருடைய தோள்பட்டைதான் தேய்ந்தது. மனைவி டீ கொண்டுவந்து வைப்பாள். அவருடைய மூக்குக்கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்துக் கொடுப்பாள். என்ன அவசரம், மெதுவாகச் செய்யுங்கள் என்பாள். அதைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்கெல்லாம் பெற்ற பாசமே கிடையாதா என்று போன வாரம்கூடக் கத்தினார். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசியில், நானே முடிக்கிறேன் பார் என்ற வைராக்கியத்தையும் விட்டுவிட்டு இன்றைக்கு டிங்கரை வரவழைத்திருந்தார்.

டிங்கர் கட்டில் பலகையைக் கழற்றினார். அதன் பின்னால், தகரத்தை மறைத்து நின்ற மெல்லிய பலகையின் ஆணிகளையும் பிடுங்கினார். வேன்காரர் அதைத் தொட்டதே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த துருவை மட்டுமே இத்தனை நாளும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டிங்கர் உள்ளே கையை விட்டுத் துழாவி, ஈரமான ஒரு துணி மூட்டையை இழுத்துப் போட்டு அவிழ்த்தார். உள்ளே கல் உப்பு. பாதி கரைந்திருந்தது.

"இது மழையில வந்த துரு இல்லண்ணே. யாரோ பலகை இடுக்கு வழியா உப்பைத் திணிச்சு, நனைச்சு நனைச்சு வெச்சிருக்காங்க. உங்களுக்கு ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

வேன்காரர் துணியைப் பார்த்தார். அது அவருடைய பழைய தலையணை உறை.

தலையை நிமிர்த்தினார். மனைவி டீயோடு வந்து நின்றிருந்தாள். இல்லை என்று சொல்லித் தப்பிக்க அவள் பார்க்கவில்லை. டம்ளரை வேனின் படியில் வைத்தாள்.

"பிள்ளை பொறந்தப்பவே நம்ம பொண்ணுகிட்ட கேட்டுப் பாத்தேங்க. அப்பா வாசலுக்குக்கூட வரக் கூடாதுன்னுட்டா. நீங்க ஆசை ஆசையா தேய்ச்சிட்டிருந்தீங்க, உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

வாசலுக்குக்கூட என்ற சொல்தான் அவருக்கு முதலில் உறைத்தது. என்ன கல்மனசு அவளுக்கு என்று மகளைத் திட்ட நினைத்தார். யாரிடமிருந்து வந்த மனசு என்று அவருக்கே தெரிந்ததால் திட்டவும் முடியவில்லை.

அந்தப் பேச்சில் பிள்ளை என்றும் ஒரு சொல் இருந்தது என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

மனைவி நிபந்தனை போட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டால் மூன்று வயது தாண்டியிருக்கும். நடை வந்திருக்கும், பேச்சு வந்திருக்கும். எனக்குத் தாத்தா இல்லையா என்று அது கேட்டால் மகள் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தார்.

தகரத்தை எதுவரைக்கும் வெட்டட்டும் என்று டிங்கர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை.

ஆணா பெண்ணா என்று மனைவியிடம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.