பெல்ட் மாத்திட்டேளா?

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. ஒரு இருமல், ஒரு முனகல் கிடையாது. பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போன மாதிரி நின்றது.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடிப்பில்லாமல் லேசாகச் சுற்றியது. கிளம்பவில்லை.

"பெல்ட்," என்றார் பக்கத்து சீட்டில் இருந்த என் மாமனார் யக்ஞநாராயணன், கண்ணை மூடிக்கொண்டு.

டைமிங் பெல்ட்டைச் சொன்னார். இன்ஜினுக்குள் எல்லாவற்றையும் நேரப்படி ஓட வைக்கிற ரப்பர் பட்டை. அது அறுந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும்.

பின்சீட்டில் என் மனைவி பட்டு, மடியில் ஃபைலோடு கடிகாரத்தைப் பார்த்தாள். மறைமலை நகரில் ஒரு ஃபாக்டரியில் பத்து மணிக்கு இண்டர்வியூ. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவளுக்கு வந்த முதல் அழைப்பு. முந்தாநாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அந்த பெல்ட் மேல் மாமனாருக்கு அப்படி ஒரு பாசம். எண்பத்தாறு மாடல் மாருதி. கல்யாணத்தில் அவர் எனக்குக் கொடுத்தது. "கோயிலுக்கும் ஆபீசுக்கும்தான் போயிருக்கு மாப்ளே, அதிகம் ஓடாத வண்டி," என்று சபையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார்: "மாப்ளே, பெல்ட் மாத்திட்டேளா?" பெற்ற பெண் சௌக்கியமா என்ற விசாரணை காபிக்குப் பிறகுதான்.

நான் படித்தவன். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். அறுபதாயிரம் கிலோமீட்டரில் மாற்றினால் போதும். மீட்டரில் நாற்பத்திரண்டுதான். மெக்கானிக் சிட்டிபாபுவும் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் நெறைய ஓடும் சார், இப்ப இன்னாத்துக்கு பேஜாரு," என்றான்.

தானே மாற்றித் தருவதாகக்கூட மாமனார் சொல்லிப் பார்த்தார். மாமனார் காசில் பெல்ட் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை நான். அவர் காசில் கார் வாங்கிக்கொண்டது வேறு விஷயம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்தபடி எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அறுபதாயிரம்னு புத்தகத்துல போட்டிருக்கான். நாப்பத்திரண்டுல எப்படி அறும்? வர்றச்சேல்லாம் நீங்க வாய வெச்சேளே, அதுதான்."

மாமனார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மீட்டரைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"மாப்ளே, மீட்டர் காட்டறதோட ஒரு முப்பதாயிரம் கூட்டிக்கோங்கோ."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பட்டுவுக்கு ஆகவில்லை. அவள் கதவைத் திறந்து இறங்கி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். செங்கல்பட்டு பஸ் ஒன்று படியெல்லாம் ஆட்களோடு வந்து, எங்கள் கார் வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் வேகம் குறைத்தது.

அவள் ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"அப்பா, என் ஜாதகத்துல எத்தனை வயசு கூட்டணும்னும் இவர்கிட்ட இப்பவே சொல்லிடுங்கோ."

சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் படியில் ஏறிக்கொண்டாள்.

மாமனார் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.