உள்ளே எத்தனை பேர்

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது.

விளக்கு அணைந்தது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த சின்ன விசிறியும் நின்றது.

உள்ளே மேனேஜர் அனீஷ், சேலைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பூமாரி, நான்.

ஓணத்துக்கு இன்னும் நான்கு நாள். கடை வாசலிலிருந்து கிழக்கே கோட்டை வரைக்கும் கூட்டம். தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாத அந்த வாரத்தில், முதலாளி எங்கள் மூன்று பேரையும் மேலே வரச் சொல்லியிருந்தார்.

காலையில் நடந்த தகராறுக்காக.

ஓணம் முடியும்வரை கடைப் பெண்கள் எல்லோரும் சரிகைக் கரை போட்ட வெள்ளைக் கசவுச் சேலை கட்டி முல்லைப்பூ வைக்க வேண்டும் என்பது உத்தரவு. பூமாரி முல்லைக்கு மேலே ஒரு முழம் கனகாம்பரமும் வைத்துக்கொண்டு வந்தாள்.

பில் போடும் சுபின், "பாண்டிப்பூ" என்று சொல்லிச் சிரித்தான். இங்கே தமிழர்களுக்குப் பாண்டி என்று பெயர். மரியாதையாக யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அவள் சும்மா போயிருக்கலாம். "ஆமா, எங்க ஊருப் பூதான், உனக்கென்ன?" என்று தமிழில், தளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

சுபின் பின்னால் போய்ப் பூவைப் பிடித்து இழுத்தான். பூவோடு கிளிப்பும் கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்தன. அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் செல்போனில் படம்கூடப் பிடித்தார்கள்.

மூன்றடி தள்ளி நின்று நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அது சுபின்மேல் இல்லை.

நானும் தமிழன்தான். இந்தக் கடைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஊர் எது என்று கேட்டால் பாறசாலை என்பேன். உண்மையில் அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தெற்கே, எல்லை தாண்டி, குழித்துறை. விஜயகுமார் என்ற பெயர் இரண்டு பக்கமும் செல்லும். வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன். மொட்டை மாடிக்குப் போய் நானே கூப்பிடுவேன். தும்மினால்கூட மலையாளத்தில் தும்மப் பழகியிருந்தேன்.

இவள் வந்த மூன்று மாதத்தில் எல்லாருடைய கண்ணும் இவள்மேல். பாட்டாக அலறும் போன், பளிச்சென்று ரிப்பன், பஸ் ஸ்டாண்டில் பேசுவதுபோல் உரத்த பேச்சு. அவள்மேல் விழுகிற பார்வை கொஞ்சம் நகர்ந்தால் என்மேல் விழும்.

லிஃப்டுக்குள் சூடு ஏறியது. அனீஷ் எலக்ட்ரீஷியன் ஷிஜுவுக்குப் போன் செய்தார். அவன் எடுக்கவில்லை.

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மலையாளத்தில் சொன்னார். "எல்லாரும் தங்களையே பார்க்கணும் இவங்களுக்கு, விஜயா. பார்த்தா, பார்க்கிறாங்கன்னு புகார்."

"இவளே தேடிக்கொண்டதுதான் சார்" என்று நானும் மலையாளத்தில் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். போன் டார்ச்சை அடித்துக் காட்டினார். சுபின் தொடவே இல்லை, பூமாரிதான் கூச்சல் போட்டு ஆளைக் கூட்டினாள் என்று எழுதியிருந்தது. நேரில் பார்த்தவர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

கதவருகில் நின்றிருந்த பூமாரி என் பக்கம் திரும்பினாள். தலையில் பூ இல்லை. காதுக்கு மேலே தோல் சிவந்திருந்தது.

"அண்ணே, நீங்க பக்கத்துலதான நின்னீங்க. பாத்தீங்கல்ல?"

"எனிக்குத் தமிழ் அறிஞ்ஞூடா" என்றேன். எனக்குத் தமிழ் தெரியாது.

காகிதத்தை லிஃப்டின் தகரச் சுவரில் வைத்து, மலையாளத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அனீஷ் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அப்போது ஷிஜு திரும்பக் கூப்பிட்டான். அனீஷ் ஸ்பீக்கரில் போட்டார்.

மோட்டார் சூடாகிவிட்டது, கால் மணி நேரமாவது ஆகும் என்றான். "உள்ளே எத்தனை பேர் சார்?"

"ஞானும் ரெண்டு பாண்டிகளும்" என்றார் அனீஷ்.

அவர் குரலில் கோபமோ கேலியோ இல்லை. வெளியே மழையா என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். சொன்னதை அவரே கவனித்ததாகத் தெரியவில்லை.

யார் அந்த இரண்டு பேர் என்று ஷிஜு கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் சத்தம் போடத் தெரியாத பையன். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். டீ குடிக்கப் போனால் எனக்கும் ஒன்று வாங்கி வருவான்.

அவன் கேட்கவில்லை.

"அய்யோ, விஜயண்ணனுக்குப் பிரஷர் உண்டல்லோ சாரே" என்றான். "அண்ணனைக் கதவுப் பக்கம் நிறுத்துங்க. அங்கேதான் கொஞ்சம் காற்று வரும்."

அனீஷ் டார்ச்சைத் திருப்பினார். இரண்டு கதவுகளும் சேருமிடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது.

அங்கே நின்றிருந்த பூமாரி, சுவரோடு ஒட்டி நகர்ந்து, எனக்கு வழி விட்டாள்.

நான் போய் அந்த இடத்தில் நின்றுகொண்டேன்.