நூற்றுக்கு மூன்று துடிப்பு

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, என்னவோ பெரிய காரியம் செய்யப்போகிறவரைப் போல ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தார்.

இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. பேஸ்மேக்கர். மூன்று வருஷமாக எங்கள் வீட்டை ஆள்வது அதுதான்.

அதன் முன்னால் யாரும் சத்தம் போட்டுப் பேசக்கூடாது. கிரிக்கெட் சத்தம் மட்டும் அதற்கு ஒன்றும் செய்யாது. நான் வெளியூருக்கு வேலைக்குப் போனால் அது நின்றே போய்விடுமாம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வாள். பாவம், அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து சொல்லுகிறாள் என்று நினைப்பேன்.

இப்படியே என் இரண்டு வேலை உத்தரவுகள் வீணாகப் போயின. மூன்றாவது என் பையில் இருந்தது. ஈரோட்டில் டீச்சர் வேலை. வியாழக்கிழமைக்குள் சேர வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து பேஸ்மேக்கர் கம்பெனிக்காரர் சோதிக்கும் பெட்டியோடு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வருவார். சோதித்து முடித்ததும் அப்பா பயந்துபோய் வராந்தாவுக்கு ஓடிவிடுவார். அம்மாதான் முடிவைக் கேட்டு வந்து சொல்வாள். இந்த முறை நானும் வந்தேன். அப்பாவை எழுந்திருக்க விடவில்லை.

கம்பெனிக்காரர் பெட்டியின் கம்பி முனையில் இருந்த வட்டை மேட்டின் மேல் வைத்தார். பெட்டியிலிருந்து காகிதம் நீண்டது.

துடிப்பு நிமிஷத்துக்கு அறுபதுக்குக் கீழே இறங்கினால் மட்டும் தட்டிவிடும்படி அதை அமைத்திருக்கிறார்களாம். மற்ற நேரம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமாம். நூறு துடிப்பில் தொண்ணூற்றேழு அப்பாவின் சொந்தத் துடிப்பு.

நான் சிரித்துவிட்டேன். மூன்று துடிப்புக்கு இவ்வளவு நடிப்பு.

அப்பா சிரிக்கவில்லை. அப்படியானால் ஆற்றில் முங்கிக் குளிக்கலாமா என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். மூன்று வருஷமாக அவர் தாமிரபரணியில் கால் நனைக்கவில்லை.

"தாராளமா குளிங்க. போன வருஷமே அம்மாகிட்ட எல்லாம் சொன்னேனே" என்றார் கம்பெனிக்காரர்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். சட்டையை இப்போது அவர் போட்டுக்கொள்ள வேண்டும், மடிக்க வேண்டியதே இல்லை.

வியாழக்கிழமை நான் ஈரோட்டில் இருப்பேன் என்றேன்.

"நீயும் போயிட்டா, இந்த மனுசன்கூட நான் ஒத்தையிலல்லா கெடக்கணும்."

அப்பாவுக்கும் அது கேட்டது.